இளவேனிற் கடையும் தண்ணீர் அறமும்

ஓர் ஆண்டை ஆறு பருவங்களாக வகுத்தனர் நம் முன்னோர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன அவை. இவற்றுள் சித்திரையும் வைகாசியும் இளவேனிலுக்கு உரியவை. ஆனியும் ஆடியும் முதுவேனிலுக்கு உரியவை. வடமொழியாளர் இளவேனிலை வசந்த ருது என்பர். மாமரம் தளிர்த்துப் பூத்துக் காய்ப்பதும், குயில் கூவுவதும், மல்லிகை மணப்பதும் வசந்தத்தின் அடையாளங்கள். ஆயினும் தமிழகத்தில் வசந்தத்தின் முற்பகுதிக்கும் பிற்பகுதிக்கும் வேறுபாடு மிகுதி. தென்றலோடு தொடங்கும் இப்பருவம், வைகாசியில் அனல் காற்றோடு விடைபெறுகிறது. கிணறு வற்றி, குளம் சுருங்கி, உயிர்கள் நீருக்கு ஏங்கும் அந்நாட்களில் திருக்கோயில்களில் நடைபெறும் வழிபாடுகளுக்கு ஆழ்ந்த பொருள் உண்டு.

அக்னி நட்சத்திரம்

சித்திரை 21 முதல் வைகாசி 14 வரையிலான நாட்களை, அதாவது மே மாதம் 4ஆம் தேதி முதல் 28ஆம் தேதி வரையிலான காலத்தை ஒட்டி, அக்னி நட்சத்திரம் என்றும் கத்திரி வெயில் என்றும் பஞ்சாங்கம் குறிக்கிறது. பரணி நட்சத்திரத்தின் மூன்றாம் பாதத்தில் சூரியன் புகும்போது தொடங்கி, கார்த்திகை நட்சத்திரத்தைக் கடந்து, ரோகிணியின் முதற் பாதத்தை விட்டு நீங்கும் வரை இக்காலம் நீடிக்கும். கார்த்திகைக்கு அதிதேவதை அக்னி. ஆகவே அக்னி நட்சத்திரம் என்னும் பெயர் வழங்குகிறது.

பங்குனியின் கடைசியில் சூரியன் கன்னியாகுமரிக்கு நேர் மேலாக நிற்கிறது. சித்திரையின் நடுப்பகுதி நெருங்கும்போது சென்னைக்கு நேர் மேலாக வந்து, பின்னர் மேலும் வடக்கே செல்கிறது. அவ்வாறாயின் சூரியன் கடந்து சென்ற பின்னரும் வைகாசியில் வெப்பம் ஏன் மிகுகிறது என்னும் ஐயம் எழலாம். பல வாரங்களாகக் காய்ந்த நிலம் ஈரத்தை இழந்து வெப்பத்தைத் தன்னுள் சேர்த்து வைத்திருக்கிறது. மேற்கிலிருந்து நிலத்தின் வழியே வரும் வறண்ட காற்று, கீழைக் கடற்கரைக்குக் குளிர்ச்சி தரும் கடற்காற்றைப் பிற்பகல் வரை தடுத்து நிறுத்துகிறது. இவ்விரண்டும் சேர்ந்தே கத்திரியின் கடுமைக்குக் காரணமாகின்றன. பஞ்சாங்கம் விண்ணைப் பார்த்துச் சொன்னதை, மண்ணும் காற்றும் மெய்ப்பிக்கின்றன.

இறைவனுக்குக் குளிர்ச்சி

இந்நாட்களில் சிவாலயங்களில் கருவறையை நோக்கும் அன்பர்கள், சிவலிங்கத் திருமேனிக்கு மேலே ஒரு பாத்திரம் தொங்குவதைக் காணலாம். அதுவே தாராபாத்திரம். அடியிலுள்ள சிறு துளை வழியே நீர் சொட்டுச் சொட்டாக, இடையறாது இறைவன் திருமுடியில் விழுந்துகொண்டே இருக்கும். வெட்டிவேர், ஏலம், பச்சைக் கற்பூரம் முதலிய குளிர்ச்சி தரும் மணப்பொருள்களை அந்நீரில் இடுவது மரபு. திருவண்ணாமலை அருணாசலேசுவரர் திருக்கோயிலில் அக்னி நட்சத்திர நாட்களில் தாராபிஷேகம் சிறப்பாக நடைபெறுகிறது. அனற்பிழம்பாக நின்ற அண்ணலுக்கு அக்கினித் தலத்திலேயே குளிர்நீர் சொரியப்படுவது நினைந்து நினைந்து உருகத்தக்கது.

தாராபாத்திரத்தில் ஒரு நுட்பம் உண்டு. குடம் குடமாகக் கொட்டினால் சில நொடிகளில் தீர்ந்துவிடும் நீர், துளி துளியாக விழும்போது நெடுநேரம் நீடிக்கிறது. நீர் அரிதாகும் காலத்தில், குறைந்த நீரைக் கொண்டு நீண்ட குளிர்ச்சியைத் தரும் முறை இது. சிக்கனமும் பக்தியும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அச்சிறு துளை உணர்த்துகிறது.

வைணவத் திருக்கோயில்களிலும் இவ்வாறே குளிர்விக்கும் வழிபாடுகள் பல. சித்திரைப் பெருவிழாவில் மதுரைக்கு எழுந்தருளும் கள்ளழகர் மீது அடியவர்கள் தோல் பைகளில் நீர் நிரப்பிப் பீய்ச்சுவது பலரும் அறிந்ததே. மலையிலிருந்து நெடுவழி கடந்து, வெயிலில் வந்த பெருமானுக்குச் செய்யும் உபசாரம் அது. அந்நீர் பெருமானின் திருமேனியை மட்டுமன்றி, கூடியிருக்கும் மக்கள் வெள்ளத்தையும் நனைத்துக் குளிர்விக்கிறது.

வசந்த மண்டபம்

பெருங்கோயில்கள் பலவற்றில் வசந்த மண்டபம் என்றொரு மண்டபம் அமைந்திருக்கும். கோடையில் உற்சவ மூர்த்தி அங்கே எழுந்தருளி இளைப்பாறுவதாக மரபு. மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கோயிலின் கிழக்குக் கோபுரத்திற்கு எதிரே உள்ள புதுமண்டபம் இதற்கு உயர்ந்த சான்று. 1623 முதல் 1659 வரை ஆட்சி புரிந்த திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்கென்றே இம்மண்டபத்தை எழுப்பினார். இதனைச் சுற்றிலும் அகழி போன்ற கால்வாய் உண்டு. அதில் நீர் நிரப்பினால், நீரைத் தழுவி வரும் காற்று ஈரம் பெற்று மண்டபத்தினுள் குளிர்ச்சியாக வீசும். மின்விசிறியும் குளிர்சாதனமும் இல்லாத நாளில், கல்லையும் நீரையும் காற்றையும் கொண்டே வெயிலை வென்ற சிற்பிகளின் அறிவு வியக்கத்தக்கது.

திருச்செந்தூரில் வைகாசி விசாகத்தை ஒட்டி வசந்த விழா நடைபெறுகிறது. முருகப் பெருமான் அவதரித்த விசாகத் திருநாளே நம்மாழ்வார் அவதரித்த நாளும் ஆகும். தாமிரபரணிக் கரையிலுள்ள ஆழ்வார்திருநகரியில் நவதிருப்பதிப் பெருமாள்கள் ஒன்பதின்மரும் கருட வாகனங்களில் ஆழ்வாருக்குக் காட்சி தருவதும் இந்த வைகாசியிலேதான். கோடையின் உச்சத்திலும் அடியவர் கூட்டம் குறையாத மாதம் இது.

மலரும் மரமும் பறவையும்

வெயிலைக் கண்டு மனிதர் ஒதுங்கும் இந்நாட்களில் சில மரங்கள் பூத்துக் குலுங்குகின்றன. சிவபெருமான் திருமுடியில் சூடும் கொன்றை அவற்றுள் முதன்மையானது. சித்திரை, வைகாசி மாதங்களில் சரக்கொன்றை தன் இலைகளில் பெரும்பகுதியை உதிர்த்துவிட்டு, பொன்னைக் கோத்துத் தொங்கவிட்டாற்போல் பூச்சரங்களைத் தாங்கி நிற்கும். இலை குறைந்தால் மரத்திலிருந்து நீர் ஆவியாகி வெளியேறுவதும் குறையும். மலர்களும் மறைப்பின்றித் தேனீக்களின் கண்ணில் படும். வறுமையிலும் வழங்குவதை நிறுத்தாத வள்ளலைப் போன்றது கொன்றை.

கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூரின் தலமரமாகிய பாதிரியும் வேனிலில் மலர்வதே. காஞ்சி ஏகாம்பரநாதர் திருக்கோயிலின் தலமரம் மா. அதன் கனி கனியும் காலமும் இதுவே. திருவானைக்காவின் தலமரம் வெண்ணாவல். நாவல் இனத்துக் கனிகள் இளவேனில் முடிந்து முதுவேனில் தொடங்கும்போது பழுக்கின்றன. திருக்குற்றாலத்தின் தலமரம் குறும்பலா. ஒவ்வொரு தலத்திற்கும் ஒரு மரத்தைத் தெய்வமாக்கியதால், அம்மரத்தின் மீது கோடரி விழாமல் காத்தனர் பெரியோர். மரம் வேரால் உறிஞ்சிய நீரை இலை வழியே ஆவியாக விடுகிறது. அதனால் அதன் நிழல், கூரையின் நிழலைவிடக் குளிர்ச்சி மிக்கதாகிறது. நண்பகலில் தலமரத்தடியில் சிறிது நேரம் அமர்ந்தெழும் எவரும் இதனை உணர்வர்.

அம்மரக் கிளைகளில் விடியலுக்கு முன்பே கூவுவது ஆண் குயில். குயில் தானே கூடு கட்டுவதில்லை; காக்கையின் கூட்டில் முட்டையிடும். காக்கை கூடு கட்டும் காலம் இதுவாதலின் குயிலின் குரலும் இக்காலத்தில் ஓங்கி ஒலிக்கிறது. தன் குஞ்சென்று எண்ணி அயற்குஞ்சுக்கும் காக்கை இரை ஊட்டுகிறது. நாள்தோறும் உண்பதற்கு முன் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைக்கும் இல்லங்கள், இக்கோடையில் அதனருகே ஒரு கிண்ணம் நீரும் வைத்தல் நலம்.

திங்களூர்த் தண்ணீர்ப் பந்தல்

வேனிலில் செய்யத்தக்க அறங்களுள் தலையாயது தண்ணீர்ப் பந்தல். சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணத்தில் இவ்வறத்தின் சிறப்பை விளக்கும் வரலாறு ஒன்று உண்டு.

திருவையாற்றுக்கு அருகிலுள்ள திங்களூரில் அப்பூதி அடிகள் என்னும் அந்தணர் வாழ்ந்தார். அவர் திருநாவுக்கரசு நாயனாரைக் கண்டதில்லை. அவருடைய பெருமையைக் கேட்டறிந்ததே உண்டு. கேட்ட அளவிலேயே அவர்பால் எல்லையற்ற அன்பு பூண்டார். தம் மக்களுக்கு மூத்த திருநாவுக்கரசு, இளைய திருநாவுக்கரசு என்று பெயரிட்டார். வீட்டிலுள்ள அளவைகளுக்கும் ஆவினங்களுக்கும் அப்பெயரே. வழிப்போக்கருக்காக அவர் அமைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும் திருநாவுக்கரசு என்னும் பெயரையே சூட்டினார்.

ஒரு நாள் திருநாவுக்கரசர் அவ்வழியே வந்தார். நிழலும் குளிர்நீரும் நிறைந்த பந்தலைக் கண்டார். எங்கும் தம் பெயர் எழுதியிருக்கக் கண்டு வியந்தார். அதனை அமைத்தவர் யார் என்று அங்கிருந்தோரை வினவினார். அப்பூதி அடிகள் என்றும், குளமும் சோலையும்கூட அப்பெயரால் அவர் அமைத்திருக்கிறார் என்றும் அவர்கள் கூறினர். திருநாவுக்கரசர் அவர் இல்லம் தேடிச் சென்று, தாங்கள் செய்த அறத்திற்குத் தங்கள் பெயரை இடாமல் வேறொருவர் பெயரை எழுதியது ஏன் என்று கேட்டார். அக்கேள்வியைப் பொறாத அப்பூதி அடிகள் வெகுண்டார். கல்லைத் தெப்பமாகக் கொண்டு கடலைக் கடந்தவரின் பெருமையை அறியாதார் இவ்வுலகில் உளரோ, தாங்கள் யார் என்று சினந்து வினவினார். சூலை நோயால் ஆட்கொள்ளப்பட்ட எளியவன் தாமே என்று நாவுக்கரசர் பணிவுடன் மொழிய, அப்பூதி அடிகள் அவர் திருவடிகளில் வீழ்ந்தார்.

இவ்வரலாற்றில் கருதத்தக்கவை இரண்டு. தண்ணீர்ப் பந்தல் முன்னின்று அப்பூதியார் யாருடைய நன்றியையும் எதிர்பார்க்கவில்லை. தம் பெயரையே மறைத்துக்கொண்டார். அடுத்து, யாரைக் காண வேண்டும் என்று அவர் ஏங்கினாரோ, அவரே வெயிலில் நடந்து வந்த ஒரு வழிப்போக்கராகப் பந்தலுக்கு வந்து சேர்ந்தார். நீர் கேட்டு வருபவர் யார் என்பதைக் கொடுப்பவர் அறியார். ஆகவே வருவோர் அனைவரையும் அடியவராகவே கருதி வழங்குவதுதான் இவ்வறத்தின் இலக்கணம்.

நாவுக்கரசரின் வாழ்வில் மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. திருப்பைஞ்ஞீலியை நோக்கி அவர் நடந்து செல்லும்போது பசியும் தாகமும் வருத்தின. இறைவன் வழியில் ஒரு சோலையையும் குளத்தையும் உண்டாக்கி, அந்தணர் வடிவில் பொதிசோற்றுடன் காத்திருந்து அவருக்கு உணவளித்தார். உடன் நடந்து வந்து, தலத்தை அணுகியதும் மறைந்தருளினார். அடியவருக்கு நிழலும் நீரும் சோறும் தரும் தொண்டினை இறைவனே செய்து காட்டினார் என்பது இதனால் விளங்கும். அப்பரடிகளின் குருபூசை சித்திரைச் சதயத்தில், வேனிற் காலத்திலேயே அமைந்திருப்பதும் எண்ணத்தக்கது.

நீர்மோரும் பானகமும்

இன்றும் கோடையில் திருக்கோயில் வாயில்களில் நீர்மோரும் பானகமும் வழங்கப்படுகின்றன. இவற்றின் சேர்க்கையிலும் அறிவு பொதிந்துள்ளது. வியர்வையோடு உடலிலிருந்து நீர் மட்டுமன்றி உப்பும் வெளியேறுகிறது. உப்பிட்டு, இஞ்சியும் கறிவேப்பிலையும் பெருங்காயமும் சேர்த்த நீர்மோர் அவ்விரண்டையும் ஈடுசெய்கிறது. வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலம் சேர்ந்த பானகம் களைத்த உடலுக்கு உடனடியாக ஊக்கம் தருகிறது. மண்பானை நீர் குளிர்ந்திருப்பதற்கும் காரணம் உண்டு. பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தையும் கவர்ந்து செல்கிறது.

பந்தல் அமைக்கும் அன்பர்கள் காய்ச்சி ஆறிய நீரையோ தூய்மை செய்யப்பட்ட நீரையோ பயன்படுத்துதல் வேண்டும். பானையை மூடி வைத்து, நீண்ட காம்புள்ள அகப்பையால் முகந்து ஊற்றுவது முறை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் குவளைகள் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளன. எவர்சில்வர் குவளைகளைக் கழுவிப் பயன்படுத்துவது சிறப்பு. தாகம் தீர்க்கும் அறம், திருவீதியில் குப்பையைப் பெருக்குவதாக முடிதல் கூடாது.

வற்றிய குளம் கூறுவது

திருவாரூர்க் கமலாலயம் போன்ற பெருங்குளங்களை நம் முன்னோர் கோயிலுக்கு இணையாகவே போற்றினர். அவ்வூரில் கோயிலும் குளமும் தனித்தனியே ஐந்து வேலிப் பரப்பு என்பது வழக்கு. குளம் தீர்த்தமாடுவதற்கு மட்டும் அமைந்ததன்று. மழைநீரைத் தேக்கி, சுற்றுப்புறக் கிணறுகளின் ஊற்றைக் காப்பதும் அதுவே. உத்தரமேரூரில் கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த முதற் பராந்தக சோழனின் கல்வெட்டுகள், ஏரியைப் பேணுவதற்கென்றே ஏரி வாரியம் என்னும் குழுவைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்ததைத் தெரிவிக்கின்றன. ஏரிப் பராமரிப்புக்கென நிலம் ஒதுக்கி, அதனை ஏரிப்பட்டி என வழங்கினர். நீர்நிலையைக் காப்பது ஊராரின் கடமை என்பது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் பொறிக்கப்பட்ட நெறி.

வைகாசியில் குளம் வற்றுவது வருத்தம் தருவதாயினும், அதிலும் ஒரு வாய்ப்பு உண்டு. தூர் எடுப்பதற்கும், இடிந்த படிகளைச் சீர்செய்வதற்கும், வரத்துக் கால்வாயின் அடைப்பை நீக்குவதற்கும் உகந்த காலம் அதுவே. மழை வந்த பிறகு இப்பணிகளைச் செய்ய இயலாது. குளத்தின் அடியில் கிடக்கும் பழந்துணிகளும் நெகிழிப் பைகளும் அப்போதுதான் கண்ணுக்குத் தெரிகின்றன. பரிகாரம் என்ற பெயரில் ஆடைகளைத் தீர்த்தத்தில் விடுவது புண்ணியத்தைச் சேர்க்காது. ஊற்றுக் கண்ணையே அடைக்கும். திருப்பணிக்குப் பொருள் வழங்க இயலாதவரும் ஒரு கூடை மண் சுமக்கலாம். மதுரையில் வந்திக் கிழவிக்காகப் பிட்டுக்கு மண் சுமந்த பெருமான் அத்தொண்டினை ஏற்பார்.

கோடையில் தரிசனத்திற்கு வருவோர் கவனத்திற்கு

முதியோர், கருவுற்ற மகளிர், சிறு குழந்தைகள் ஆகியோர் காலைப் பொழுதிலோ மாலையிலோ வழிபடுவது நலம். நண்பகலில் திருச்சுற்றின் கல் தளம் மிகுதியாகக் காயும். ஆகவே விரிக்கப்பட்டுள்ள தேங்காய் நார் விரிப்புகளின் மீதே நடந்து வலம் வருதல் வேண்டும். விரதம் இருப்போரும் நீர் அருந்தத் தயங்குதல் கூடாது; உடலும் இறைவன் உறையும் ஆலயமே. வரிசையில் நிற்பவர் எவரேனும் தலைசுற்றித் தளர்ந்தால், அவரை நிழலுக்கு அழைத்துச் சென்று, ஈரத்துணியால் உடலைத் துடைத்து விசிறுதல் வேண்டும். நினைவு தெளிவாக இருந்தால் மட்டுமே சிறிது சிறிதாக நீர் தரலாம். நினைவு தடுமாறினால் காலந்தாழ்த்தாது 108 அவசர ஊர்தியை அழைத்தல் வேண்டும். திருக்குளப் படிகளில் பாசி வழுக்கும். விடுமுறையில் வந்துள்ள சிறுவர்களைத் தனியே குளத்தில் இறங்க விடுதல் கூடாது.

மழையை நோக்கி

இளவேனில் விடைபெறும்போதே அடுத்த நன்மையும் புறப்பட்டு வருகிறது. ஜூன் முதல் தேதியை ஒட்டித் தென்மேற்குப் பருவமழை கேரளக் கரையைத் தொடுவது இயல்பு. மேற்குத் தொடர்ச்சி மலை அம்மழையின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால் தமிழகத்தின் உட்பகுதிகள் ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் காத்திருக்கின்றன. ஆயினும் குற்றாலத்தில் சாரல் தொடங்குகிறது. குறும்பலாநாதர் சன்னதியில் அருவியின் ஓசை கேட்கிறது. குடகு மலையில் பெய்யும் மழை காவிரியாகப் பெருகுகிறது. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையிலிருந்து, நீர் இருப்பு இசையும் ஆண்டுகளில் ஜூன் 12ஆம் தேதி பாசனத்திற்கு நீர் திறக்கப்படுகிறது. வைகாசியின் கடைசி நாட்களில் திறக்கப்படும் அந்நீரைக் கண்டு உழவர் மலர் தூவி வணங்குகின்றனர்.

இறைவன் வெயிலால் வாடுபவன் அல்லன். கோடையும் மாரியும் அவன் ஆணைக்கு உட்பட்டவை. எனினும் அவன் திருமுடிக்கு மேலே தாராபாத்திரத்தைத் தொங்கவிடும்போது, வெப்பம் என்ன செய்யும் என்பதை அடியவர் மனம் உணர்கிறது. அவ்வுணர்வு கருவறை வாயிலோடு நின்றுவிடாமல், வெளியே நா வறண்டு நிற்கும் மனிதரையும், நிழல் தேடும் பசுவையும், நீர் தேடும் காக்கையையும் சென்றடையும்போதே வசந்த விழா நிறைவு பெறுகிறது. ஒவ்வோர் இல்லத்து வாயிலிலும் ஒரு பானை நீராவது இக்கோடையில் இடம்பெறட்டும். அதில் எழுதப்படும் பெயர் யாருடையதாயினும், அதைக் குடித்துக் குளிர்வது எம்பெருமானின் திருவுள்ளமே.

நீர்வளமும் நிலவளமும் பெருகி, எல்லா உயிர்களும் இன்புற்று வாழ இறைவன் திருவருள் துணை நிற்பதாக.